டைப் 1 சர்க்கரை: டாக்டர் பிள்ளையிடம் தனியாகப் பேசலாமா?

தேனி அம்மா:
என் மகனுக்கு டைப் 1 சர்க்கரை, அதாவது உடம்பில் இன்சுலின் சுரக்காததால் தினமும் ஊசி போட வேண்டிய வகை. பத்தாம் வகுப்பு படிக்கிறான். போன செக்கப்பில் டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவனிடம் மட்டும் பேசினார். எனக்கு இது சரியாகப் படவில்லை. ராத்திரி சர்க்கரை இறங்கினால் எழுந்து பார்ப்பது நான்தான். இன்சுலின் வாங்குவது, பள்ளியில் சொல்லி வைப்பது எல்லாமே நான்தான். அந்த வயதுப் பையனிடம் சொன்னால் பாதி காதில் ஏறாது, மீதி வீட்டுக்கு வந்து சேராது.

நிலவன்:
காதில் ஏறாததற்குக் காரணமே, இத்தனை வருடம் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு உங்களிடம் மட்டும் பேசியதுதான் அக்கா. எனக்கும் சின்ன வயதிலிருந்து டைப் 1. பதினான்கு வயதில் ஹெச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) ஏறிக்கொண்டே போனது. அப்பா எதிரில் டாக்டர் கேட்டதெல்லாம் "ஸ்வீட் சாப்பிட்டியா?" மட்டும்தான். பருவ வயது ஹார்மோன்களால் இன்சுலின் வேலை செய்வது குறையும், அளவைக் கூட்ட வேண்டிவரும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. திட்டுக்குப் பயந்து, சர்க்கரை அளவு குறிக்கும் நோட்டில் பொய் எண் எழுதும் பிள்ளைகள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

தேனி அம்மா:
அப்போ பயமே வேண்டாமா தம்பி? கண் போகும், கிட்னி போகும் என்று சொல்லாவிட்டால் ஊசியை ஒழுங்காகப் போடுவானா?

வார்டு சிஸ்டர்:
என்றைக்கோ வரப்போகும் கிட்னி பிரச்சினை அந்த வயதுக்கு எட்டாது அம்மா. நாளைக்கே நடக்கக்கூடியதைச் சொல்ல வேண்டும். இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்து ஐசியூ வரை போகலாம். காய்ச்சலில் சாப்பிடாமல் கிடந்தாலும் இன்சுலினை அடியோடு நிறுத்தக்கூடாது. ரத்தச் சர்க்கரை 70-க்குக் (மி.கி./டெ.லி.) கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் தலையாட்டும். "கிரிக்கெட் ஆடும்போது கை நடுங்குது, வேர்க்குது. என்ன பண்ணுவே?" என்று கேட்டுப் பாருங்கள், எவ்வளவு புரிந்தது என்று தெரிந்துவிடும். எடை குறையணும் என்று ஊசியைத் தவிர்க்கும் பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மாதவிடாய்க்கு முன்னால் சிலருக்குச் சர்க்கரை ஏறும். இதையெல்லாம் அப்பா எதிரில் யார் சொல்வார்கள்?

தேனி அம்மா:
ஊசி போடுவதில்லை என்று ஒரு பிள்ளை உங்களிடம் சொன்னால் வீட்டில் மறைத்துவிடுவீர்களா சிஸ்டர்? உயிர் போகிற விஷயம்.

வார்டு சிஸ்டர்:
மறைக்க மாட்டோம். ஆபத்து என்றால் வீட்டில் சொல்வோம் என்பதைப் பேச ஆரம்பிக்கும்போதே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். கடைசியில் அம்மாவையும் உள்ளே கூப்பிட்டு டாக்டர் டோஸ் மாற்றத்தை விளக்கட்டும்.

நிலவன்:
அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் சிஸ்டர். டோஸ் மாற்றத்தை அவனே அம்மாவுக்கு விளக்கட்டும், தப்பு இருந்தால் டாக்டர் திருத்தட்டும்.

தேனி அம்மா:
அவனே சொல்லட்டும், ஆனால் டாக்டர் சீட்டில் தமிழில் எழுதியும் தரணும். முழு நேரமும் வெளியே உட்காரச் சொன்னால் இப்போதும் சம்மதிக்க மாட்டேன். பத்து நிமிடம் என்றால் சரி.