கொலோனோஸ்கோபிக்கு மிடாசோலம், ஃபென்டனில்: எது முதலில், எவ்வளவு இடைவெளி?

உசிலம்பட்டி_ஸ்டாஃப்: மயக்க டாக்டர் இல்லாமல், ஸ்கோப் (பெருங்குடலைப் பார்க்கும் கேமராக் குழாய்) போடும் டாக்டர் சொல்ல நர்ஸ் ஊசி போடும் கேஸ்கள் பற்றிக் கேட்கிறேன். 70 வயது, 45 கிலோ என்றால் மிடாசோலம் (தூக்க மருந்து), ஃபென்டனில் (வலி மருந்து) ரெண்டையும் சேர்த்தே போடலாமா? நடுவில் துள்ளினால் உடனே அடுத்த டோஸா? ஆக்சிஜன் ஓடுது, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 98. அது போதாதா?

ஆரப்பாளையம்_ஐசியூ: சேர்க்காதீங்க. ஃபென்டனில் முதலில். 2 மில்லி ஆம்பூலில் 100 மைக்ரோகிராம். 8 மில்லி சலைன் சேர்த்தால் மில்லிக்கு 10 மைக்ரோகிராம். இந்த வயசுக்கு 25 மைக்ரோ, அதாவது 2.5 மில்லி. 3 முதல் 5 நிமிஷம் பொறுங்க. பிறகு மிடாசோலம் 0.5 மி.கி., 2 நிமிஷத்தில் மெதுவா. அடுத்ததுக்கு முன் இன்னும் சில நிமிஷம். மிடாசோலம் மில்லிக்கு 1 மி.கி., 5 மி.கி. ரெண்டு பலத்திலும் வருது. "ஒரு மில்லி போடு"ன்னா ஏத்துக்காதீங்க, மில்லிகிராமில் கேளுங்க. சிரிஞ்சில் லேபிள் ஒட்டாம மேஜையில் வைக்கக் கூடாது.

துள்ளலுக்குப் பெரும்பாலும் காரணம் சிக்மாய்டில் (பெருங்குடலின் வளைவான கடைசிப் பகுதி) ஸ்கோப் சுருண்டு விழுற லூப். மிடாசோலம் வலி மருந்தே இல்லை. ஸ்கோப்பைப் பின்னிழுத்து நேராக்கி, காற்றை உறிஞ்சி, வயித்தை அழுத்திப் பிடிச்சாலே பாதி அடங்கும். அந்த நேரம் அவசரமா ஏத்தின மருந்து, ஸ்கோப் வெளியே வந்து வலி நின்னதும்தான் மூச்சை அமுக்கும். எல்லாரும் அடுத்த கேஸுக்குத் திரும்பியிருப்பாங்க!

கீழவாசல்99: 98ஐ நம்பாதீங்க. ஆக்சிஜன் ஓடும்போது மூச்சு நின்னாலும் சாச்சுரேஷன் இறங்க நேரமாகும். கேப்னோகிராஃபில (வெளிவிடும் மூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் மானிட்டர்) அலை அதுக்கு முன்னாடியே படுத்துடும். அது இல்லைன்னா நெஞ்சு ஏறி இறங்குறதைப் பார்க்க மட்டுமே ஒரு ஆள் வேணும். பயாப்ஸி ஃபோர்செப்ஸ் (சதைத் துண்டு எடுக்கும் இடுக்கி) எடுத்துக் கொடுக்கிற அதே நர்ஸ் இல்லை.

அலையோ சாச்சுரேஷனோ இறங்கினா ஸ்கோப்பை நிறுத்தச் சொல்லி, தட்டிக் கூப்பிட்டு, தாடையைத் தூக்குங்க. மூச்சு இல்லைன்னா ஆம்பு பேக் (கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பை). ஃபென்டனிலுக்கு மாற்று மருந்து நாலாக்சோன்; 0.4 மி.கி. ஆம்பூலை 10 மில்லியாக்கி 1, 2 மில்லியா கொடுக்கலாம். மிடாசோலத்துக்கு மாற்று ஃப்ளூமசெனில் 0.2 மி.கி.; வலிப்பு நோயாளின்னா டாக்டரை யோசிக்கச் சொல்லுங்க. மாற்று மருந்து முதலில் தீரும், மயக்கம் திரும்பும். 2 மணி நேரம் கண்காணிப்பு.

தேனி_ரோடு: ஒண்ணு விட்டுப்போச்சு. மிடாசோலம் நினைவை அழிக்கும், முழிச்சுப் பேசினாலும் சொன்னது நிக்காது. வீட்டுக்கான அறிவுரையை நோயாளி கூட வந்த அட்டெண்டர்கிட்ட, தமிழில் எழுதியே கொடுங்க. 24 மணி நேரம் பைக் கூடாது. தனியா பஸ் ஏத்தி விடவும் கூடாது. மிச்ச ஃபென்டனிலைச் சாட்சி வெச்சுக் கொட்டி ரெஜிஸ்டரில் ரெண்டு கையெழுத்து.

உசிலம்பட்டி_ஸ்டாஃப்: நன்றி. எங்க ரூம்ல ரெண்டு பலமும் ஒரே டிரேயில்தான் இருக்கு. முதலில் அதைப் பிரிக்கணும்.