பழைய தேக்குப் பலகைத் தரை: நாமே தேய்க்கலாமா, ஆள் வைக்கணுமா?

வண்ணை பேரன்
பழைய வண்ணாரப்பேட்டையில தாத்தா காலத்து வீடு. மாடி முன்னறை மட்டும் பலகைத் தரை, 12க்கு 14 அடி. உத்திரத்து மேல நேரா பர்மா தேக்குப் பலகை போட்டு ஆணி அடிச்சிருக்காங்க. பலகை கனம் ஒன்றே கால் அங்குலம் இருக்கும். எனக்கு நினைவு தெரிஞ்சு யாரும் அதுல கை வச்சதில்ல. ஜன்னல் ஓரம் மழைத்தண்ணி பட்டுக் கறுத்திருக்கு, நடு அறையில பாலிஷ் போய் மரம் சாம்பல் பூத்துக் கிடக்கு. ஒருத்தர் வந்து பார்த்துட்டு சதுர அடிக்கு 160 ரூபாய் கேட்டார், மொத்தம் 26,880. மெஷினை வாடகைக்கு எடுத்து நாமளே தேய்ச்சிடலாம்னு அண்ணன் சொல்றான். அம்மா வேண்டாங்கறாங்க. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பெரம்பூர் அக்கா
தம்பி, நீயே செய். எங்க வீட்டு மரப்படி 17ஐயும் நான்தான் தேய்ச்சேன். கையில பிடிக்கிற வட்ட சாண்டிங் மெஷின் ஒண்ணு வாங்கினேன், இன்னும் வீட்டுல இருக்கு. முரடான 60ஆம் நம்பர் உப்புத்தாள்ல ஆரம்பிச்சு, நைசான 80, 120னு போனேன். ஒரு நம்பரைத் தாண்டினாலும் முந்தின தாளோட கீறல் பாலிஷுக்கு அடியில அப்படியே தெரியும்.
என் தங்கச்சி வீட்டுல ஆள் வச்சாங்க. ஒரே முரட்டுத் தாளால தேய்ச்சு, அது மேலயே பளபளன்னு மெலமைன் பாலிஷ் அடிச்சுட்டுப் போயிட்டாங்க. சாயங்கால வெயில் சாய்வா விழும்போது தரை முழுக்க சுழி சுழியாத் தெரியுது. கூலிக்கு வர்றவங்களுக்கு அடுத்த வீட்டு வேலை காத்திருக்கும். நமக்கு அந்த அவசரம் இல்ல.

ஆசாரி வீட்டுப் பிள்ளை
அக்கா, படி வேற, தரை வேற. படிக்குக் கை மெஷின் போதும். 168 சதுர அடியை அதுல தேய்ச்சா மேடு பள்ளம் போகாது, மேடும் பள்ளமும் சேர்ந்துதான் பளபளக்கும். உப்புத்தாள் சுத்தின உருளை மெஷின் வேணும். அது ஒரு மூச்சு நேரம் நின்னா போதும், அந்த இடத்துல அலை மாதிரி பள்ளம் விழுந்துடும். உருளை சுத்தும்போது கால் நகர்ந்துட்டே இருக்கணும், திரும்புற இடத்துல உருளையைத் தூக்கிடணும். இதுக்குக் கை பழக எனக்கு ரெண்டு வீடு ஆச்சு. ரெண்டுலயும் எங்க அப்பா பின்னாடியே வந்து சரி பண்ணினார்.
இன்னொண்ணு. பழைய பலகையில ஆணித்தலை மேலாக இருக்கும். ஒவ்வொண்ணையும் பஞ்ச் (ஆணித்தலையை அமுக்கற இரும்புக் கம்பி) வச்சு உள்ள இறக்காம மெஷினை ஓட்டினா தாள் கிழியும், தீப்பொறி பறக்கும். அந்தப் பொறி மரத்தூள் பைக்குள்ள போனா கொஞ்ச நேரம் கழிச்சுப் புகையும்.

பெரம்பூர் அக்கா
ஆணி இறக்க ஆசாரி எதுக்கு? சுத்தியும் அந்தப் பஞ்ச் கம்பியும் இருந்தா வீட்டுப் பிள்ளைங்களே செய்வாங்க. நாள் கூட ஆகும், ஆகட்டுமே.

காசிமேட்டுக்காரன்
நான் மரப் படகு வேலையில இருந்தவன். யார் செஞ்சாலும் சரி, ஐப்பசி கார்த்திகையில தொடாதீங்க. கடல் பக்கத்துக் காத்துல ஈரம் இருக்கும்போது ஸ்பிரிட் பாலிஷ் போட்டா பால் தெளிச்ச மாதிரி வெளுத்துடும். மாசி, பங்குனிதான் சரி.
தேக்குல எண்ணெய்ப்பசை இருக்கு. பியூ கோட்டிங் (பாலியூரித்தேன் பூச்சு) போடறதா இருந்தா, அதுக்கு முன்னாடி தின்னர் நனைச்ச துணியால துடைச்சிடணும். இல்லன்னா அங்கங்க பிசுபிசுன்னே நிக்கும். லின்சீடு ஆயில் (ஆளி விதை எண்ணெய்) தடவின துணியைச் சுருட்டி மூலையில போட்டுடாதீங்க. காயக் காய அது தானா சூடாகித் தீப்பிடிக்கும். விரிச்சுக் காயப்போடுங்க, இல்ல தண்ணி வாளியில போடுங்க.

வண்ணை பேரன்
நன்றிண்ணே. கட்டிலுக்கு அடியில ஒரு மூலையில ஸ்பிரிட் நனைச்ச பஞ்சை வச்சுப் பார்த்தேன். அரை நிமிஷத்துல பாலிஷ் இளகி, பஞ்சு பழுப்பா ஆயிடுச்சு. சுவர் ஓரமா ஒரு சாண் அகலத்துக்குப் பச்சை பெயிண்டும் அடிச்சிருக்காங்க, மூணு நாலு கோட் இருக்கும். இப்பதான் கவனிச்சேன்.

ஆசாரி வீட்டுப் பிள்ளை
பாலிஷ் இளகுதுன்னா அது அரக்கு. அதை மெஷின்ல தேய்ச்சா சூட்டுல உருகித் தாள் அடைச்சுக்கும். ஸ்பிரிட்டாலயே துடைச்சு எடுத்துடுங்க, ஜன்னலைத் திறந்து வச்சு, பக்கத்துல அடுப்பு, பீடி எதுவும் இல்லாம.

ஓய்வுபெற்ற ஆசிரியை
அந்தப் பச்சை பெயிண்டை உலர்வாகத் தேய்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பழைய எண்ணெய் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016இல்தான் வந்தது, நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். உங்கள் தரை அதற்கு மிக முந்தையது. தேய்க்கும் தூளில் ஈயம் கலந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், அறையைப் பெருக்கினாலும் முழுதாகப் போகாது. பெயிண்ட் ரிமூவர் தடவி, இளகியதும் ஈரமாகவே சுரண்டி எடுக்க வேண்டும். வெறும் மரத்தூளும் லேசானதில்லை. புற்றுநோய் உண்டாக்குபவற்றின் பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அதைச் சேர்த்திருக்கிறது. கைக்குட்டை போதாது, என்95 முகக்கவசம் அணியுங்கள். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களா?

வண்ணை பேரன்
அண்ணன் பொண்ணுக்கு மூணு வயசுங்க டீச்சர். வேலை முடியற வரைக்கும் அண்ணி அம்மா வீட்டுக்குப் போயிடச் சொல்லியாச்சு.

பெரம்பூர் அக்கா
டீச்சர் சொன்னது எனக்குத் தெரியாது. பெயிண்ட் விஷயத்துல நான் விட்டுக்கொடுக்கறேன், அதைத் தெரிஞ்ச ஆள் எடுக்கட்டும். மெஷினைக்கூட ஆசாரி வீட்டுத் தம்பி கொண்டு வந்து ஓட்டட்டும். ஆனா பாலிஷை நீயே போடு. ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவுல காயவிட்டு, 220ல லேசாத் தடவி, தூசியைத் துணியால எடுத்துட்டு அடுத்தது. அந்தப் பொறுமை வெளியாளுக்கு வராது.

ஆசாரி வீட்டுப் பிள்ளை
எங்க அப்பாவுக்கு வந்துச்சுக்கா. சரியான ஆளைத் தேடணும், அவ்வளவுதான். அவர் முடிச்ச பழைய தரை ஒண்ணைக் காட்டச் சொல்லுங்க. விளக்கைத் தரையோட சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க. சுழி இருந்தா அங்கேயே தெரிஞ்சிடும்.

வண்ணை பேரன்
நேத்தும் இன்னிக்குமா அண்ணனும் நானும் 94 ஆணி இறக்கிட்டோம். ஜன்னல் பக்கம் மூணாவது பலகையில ஒரு ஆணியை லேசாத் தட்டினதும் முழுசா உள்ள போயிடுச்சு. ஸ்குரூடிரைவரை வச்சு அழுத்தினேன், அரை அங்குலத்துக்கு மேல இறங்குது. வெளிய இழுத்தா மண்ணு மாதிரி வருது.

ஆசாரி வீட்டுப் பிள்ளை
அந்தப் பலகையில யாரும் கால் வைக்காதீங்க. மண்ணு வந்தா அது கரையான். பலகையை மாத்திடலாம், ஆனா அது உத்திரம் வரைக்கும் இறங்கியிருந்தா பாலிஷ் பேச்சே இப்ப வேண்டாம். கீழ் அறையில அந்த உத்திரம் சுவருக்குள்ள நுழையற இடத்தைத் தட்டிப் பாருங்க, உள்ள காலியா இருக்கற மாதிரி சத்தம் கேக்குதான்னு. நான் ஞாயித்துக்கிழமை காலையில அப்பாவைக் கூட்டிட்டு வர்றேன். அதுவரைக்கும் அந்த அறையைப் பூட்டி வைங்க.