அட்டை போன ஸ்பைடர் கதை: தலைப்பு தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. பழைய வண்ணாரப்பேட்டைல எங்க வீட்டுப் பரண்மேல அப்பாவோட தகரப் பெட்டி ஒண்ணு இருக்கு. போன மழைக்கு ஓட்டுல ஒழுகி, உள்ள இருந்த காமிக்ஸ் எல்லாம் அப்பளம் மாதிரி ஒட்டிக்கிச்சு.

மேல இருந்த இரும்புக்கை மாயாவி தப்பிச்சிட்டாரு. 1972ல முத்து காமிக்ஸ் அவரை வச்சுத்தான் ஆரம்பிச்சாங்க, தேடினா கிடைப்பாரு. கரண்ட் பட்டதும் உடம்பு மறைஞ்சு கை மட்டும் அந்தரத்துல நிக்கிற படத்தை இன்னும் எத்தனை தடவை வேணா பார்ப்பேன்.

என் கவலை ஸ்பைடர் பத்தி. அமெரிக்க ஸ்பைடர்மேன் இல்லீங்க. கூர்காது, கறுப்பு உடுப்பு, குற்றவாளிகளுக்கே ராஜாவாகணும்னு கிளம்பின பிரிட்டிஷ் ஆளு. திமிர் பிடிச்ச வில்லன்தான் ஹீரோ! சூப்பர்மேனை உருவாக்கின ரெண்டு பேர்ல ஒருத்தரான ஜெர்ரி சீகல் இவருக்கும் கதை எழுதியிருக்காரு. இருந்தும் இங்க பாதிப் பேர் மாயாவியோட நின்னுடுறாங்க, அது எனக்குக் கொஞ்சம் கோவம்.

என்கிட்ட இருக்கிறதுல அட்டையும் கடைசிப் பக்கங்களும் இல்ல. மிச்சமிருக்கிற பக்கங்களைப் போட்டோ எடுத்து கீழே போடுறேன். எந்தக் கதை, முடிவு என்ன? மறுபதிப்பு வந்திருக்கா?

அப்புறம், ஒட்டின நியூஸ்பிரிண்ட் தாளைக் கிழியாம பிரிக்க வழி இருக்கா? ஸ்கேலை விட்டு நெம்பிப் பார்த்தேன், ஸ்பைடரோட மூக்கு பக்கத்துப் பக்கத்துக்குப் போயிடுச்சு. ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் யாராவது இருந்தா நேர்லயே எடுத்துட்டு வரேன், டீ என் செலவு.