சோலார் கைப்பட்டை: மதியம் 8.7, ராத்திரி 11.2. எதை நம்புவது?

கேள்வி:
அம்மாவுக்கு ரத்தசோகை. போன மாதம் லேபில் ஹீமோகுளோபின் 9.4. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார். அடிக்கடி ஊசி குத்த வேண்டாமே என்று ஆன்லைனில் ஒரு கைப்பட்டை வாங்கினேன். மேலே சின்ன சோலார் தகடு, விரலில் மாட்ட ஒரு கிளிப். பெட்டியில் 'இரத்த இரும்பு அளவு' என்று போட்டிருக்கிறது. மொட்டைமாடியில் வடகம் காயவைக்கும்போது பார்த்தால் 8.7, ராத்திரி 11.2. ஹாலில் ட்யூப்லைட்டுக்கு அடியில் நாள் முழுக்க வைத்தும் சார்ஜ் ஏறவில்லை. பட்டை பழுதா, இல்லை அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லையா? வீட்டில் ஒரே சண்டை.

பதில் 1:
லேபில் வேலை செய்கிறேன். முதலில் அம்மாவைத் திட்டுவதை நிறுத்துங்கள். மாத்திரை நன்றாக வேலை செய்தாலே ஹீமோகுளோபின் 1 கிராம் ஏற 2 முதல் 4 வாரம் ஆகும். ஒரே நாளில் இரண்டரை கிராம் ஏறாது. அப்புறம், அந்தப் பட்டை இரும்பை அளக்கவே இல்லை. விரலுக்குள் ஒளியைப் பாய்ச்சி ஹீமோகுளோபினைக் கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். உடம்பின் இரும்புச் சேமிப்பு தெரிய ஃபெரிட்டின் பார்க்க வேண்டும், அதற்கு ரத்தம் எடுத்தே ஆக வேண்டும். வெயில் கிளிப்புக்குள் புகுந்தால் கணக்கு கெடும். சில்லிட்ட விரல், நெயில் பாலிஷ் எல்லாமே குழப்பும். மாத்திரையை எதோடு போடுகிறார்?

பதில் 2:
சார்ஜ் விஷயம்: உச்சி வெயிலின் வெளிச்சம் சுமார் 1 லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), உங்கள் ஹால் சில நூறுதான். ட்யூப்லைட்டை நம்பினால் பொங்கல் வரை காத்திருக்கலாம். அதற்காகக் கொதிக்கிற தளத்தில் போட்டுவிடாதீர்கள், லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. காலை வெயிலில் ஜன்னலோரம் வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
காலையில் ஜன்னலில் வைத்தேன், ஏறிவிட்டது. உள்ளே உட்காரவைத்து, கையைத் தேய்த்துச் சூடாக்கி, கிளிப் மேல் துண்டைப் போர்த்தி மூன்று தடவை பார்த்தேன்: 9.8, 10.1, 9.9. மாத்திரை... ஃபில்டர் காபியோடுதான் போடுகிறாராம்.

பதில் 1:
நினைத்தேன். காபி, டீ இரண்டுமே இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்லுங்கள். பட்டையைப் பார்த்து மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அடுத்த தடவை டாக்டரிடம் ஃபெரிட்டினும் பார்க்கலாமா என்று கேளுங்கள். காய்ச்சல், தொற்று இருக்கும்போது எடுத்தால் அது கூடுதலாகக் காட்டும். உடம்பு சரியில்லை என்றால் சொல்லிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
சரி சார். காபியை ஒரு மணி நேரம் தள்ளச் சொன்னதற்கு அம்மா இன்னும் முறைக்கிறார்.