ஆடிக் காற்றில் சைக்கிள் பிரேமுக்கு ஸ்பிரே அடிக்கலாமா?

பேட்டைக்காரன்:
அப்பாவின் பழைய சைக்கிள் பிரேம், பெடல் அச்சுப் பக்கம் துரு. பழைய பெயிண்டை முழுக்கச் சுரண்ட வேண்டுமா? மொட்டை மாடியில் அடிக்கலாம் என்றிருக்கிறேன். கறுப்புதான், வேறு நிறம் வைத்தால் அப்பா பேச மாட்டார்.

பாளை அண்ணாச்சி:
முழுக்க வேண்டாம் தம்பி. துருவை மட்டும் 80 நம்பர் எமரித் தாளால் இரும்பு தெரியும்வரை தேய். மற்ற இடத்தில் 320 வாட்டர் பேப்பர், பளபளப்பு போனால் போதும். தின்னரில் துடைத்தபின் கை வைக்காதே, விரல் எண்ணெய் பட்டால் பெயிண்ட் பிடிக்காது. பேரிங் உட்காரும் கப், மரை எல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டி மூடு. முதலில் பிரைமர் என்கிற அடிப்பூச்சு அடி. அது காய்ந்ததும் ஒரு அடி தள்ளி நின்று, கையை நிறுத்தாமல் மெலிசாக மூன்று கோட். ஒரே தடவையில் மூடப் பார்த்தால் பாகு போல வழியும். பிரேம் முக்கோணத்தின் உள்மூலைகளை முதலில் அடி. எல்லாரும் விட்டுவிடும் இடம் அது.

தென்காசி ரோடு:
மொட்டை மாடியா? செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற மேற்குக் காற்றில் பாதி பெயிண்ட் பக்கத்து வீட்டு வேட்டிக்குப் போகும், மீதியில் மண் ஒட்டும். காலையில், கதவு திறந்த ஷெட்டில், தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு அடியுங்கள். முகமூடி கட்டாயம், பக்கத்தில் அடுப்பு, பீடி கூடாது. ஐப்பசி மழைக்குத் தள்ளிப்போடவும் வேண்டாம், ஈரத்தில் பெயிண்ட் மேல் வெள்ளை படரும்.

பேட்டைக்காரன்:
சரி அண்ணாச்சி. பொடியாகத் தூவிச் சூட்டில் உருக்கிப் பிடிக்க வைக்கிற பவுடர் கோட்டிங் எப்படி?

பாளை அண்ணாச்சி:
உறுதி அதிகம்தான். ஆனால் 180 டிகிரிக்கு மேல் சூளை வேண்டும், வீட்டில் நடக்காது.