கிளினிக் கொப்பியை நிறுத்தலாமா?

பாமசி அண்ணை:
மருந்துப் பதிவெல்லாம் கொம்பியூட்டருக்கு வந்தபின் நோயாளி கையில் மருந்தளவு எழுதும் கிளினிக் கொப்பி எதற்கு என்று இங்கே சிலர் கேட்டிருந்தார்கள். நான் இதை எதிர்க்கிறேன். 2024 யூலை 19ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்புக் கம்பனி அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால் உலகம் முழுக்க ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்துவிட்டன. இங்கிலாந்தில் குடும்ப வைத்தியர்களின் கணினிகளும் முடங்கி, மருந்துச் சிட்டைகள் பாமசிக்குப் போய்ச் சேரவில்லை. தட்டு நிறைய மருந்து இருந்தும் யாருக்கு எதைக் கொடுப்பது என்று தெரியாத நிலை.

கோண்டாவில் தம்பி:
அண்ணை, அங்கே கையால் எழுதிக் கொடுத்துச் சமாளித்தார்கள். சரி, 2022இல் இலங்கையில் எங்களுக்கு மருந்து இல்லாமல் போனது சேவர் விழுந்தா? டொலர் இல்லாமல்! எந்த ஆஸ்பத்திரியில் எவ்வளவு மிச்சம், எது எப்போது காலாவதி என்று ஒரே இடத்தில் தெரிந்தால்தான் பருத்தித்துறையில் முடிந்ததைச் சாவகச்சேரியிலிருந்து எடுக்கலாம். கொப்பி அதைச் சொல்லுமா? டொக்டரின் எழுத்து விளங்காமல் நீங்களே எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பீர்கள்.

கரவெட்டி மகள்:
என் அம்மாவுக்கு இதய வால்வு மாற்றியது. இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் வார்ஃபரின் குடிக்கிறா. ஒவ்வொரு தரமும் இரத்தம் பார்த்து, ஐஎன்ஆர் (இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதைக் காட்டும் எண்) இவ்வளவு, இனி இத்தனை மில்லிகிராம் என்று கொப்பியில் ஒரு வரி எழுதுவார்கள். அளவு கூடினால் இரத்தம் கசியும், குறைந்தால் வால்வில் இரத்தக்கட்டி பிடிக்கும். 2025 பெப்ரவரி 9 நாடு முழுக்கக் கரண்ட் போனது ஞாயிற்றுக்கிழமை. அதுவே கிளினிக் நாளாக இருந்து, கொப்பியும் இல்லையென்றால் நான் யாரிடம் போய் நிற்பேன், தம்பி?

பாமசி அண்ணை:
தங்கச்சி சொல்வதுதான் விஷயம். கரண்டாவது திரும்பி வரும், அழிந்த பதிவு வராது. 2021இல் எங்கள் மருந்து ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் தரவுகளே அரசாங்கத்தின் சேவரிலிருந்து அழிக்கப்பட்டன. 2023 ஆகஸ்டில் அதே அரச சேவரில் கப்பம் கேட்கும் வைரஸ் புகுந்து, மூன்று மாதத்துக்கு மேலான அரச மின்னஞ்சல்கள் போயின.

கோண்டாவில் தம்பி:
போனதற்குக் காரணம் அந்த மாதங்களுக்குப் பிரதி எடுத்து வைக்காதது. 2024 பெப்ரவரியில் அமெரிக்காவில் மருத்துவக் காப்புறுதிக் கணக்குகளைக் கையாளும் சேஞ்ச் ஹெல்த்கெயார் கம்பனியை முடக்கியவர்களும், கடவுச்சொல்லுக்கு மேல் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாத ஒரு வாசலால்தான் நுழைந்தார்கள். பாமசிகளில் காப்புறுதியைச் சரிபார்க்க முடியாமல் சனம் முழுக்காசு கட்டியது. இவை கவனக்குறைவுகள். திருத்தலாம். கிளினிக் முடிய கணினியிலிருந்தே ஒரு தாளை அச்சடித்துக் கையில் கொடுத்தால் போதாதா? எழுத்தும் விளங்கும்.

பாமசி அண்ணை:
மை முடிந்த பிரிண்டருக்கு மை வரும்வரை யார் எழுதுவது? சனம் நிறைந்த கிளினிக்கில் அந்தத் தாள் கொடுப்பதுதான் முதலில் நின்றுபோகும்.

கரவெட்டி மகள்:
அச்சடித்தாலும் சரி, எழுதினாலும் சரி. கையில் இருப்பதில் ஓர் அளவும் கணினியில் வேறு அளவும் இருந்தால் எதைத் தருவீர்கள்?

பாமசி அண்ணை:
இரண்டையும் தரமாட்டேன், தங்கச்சி. கிளினிக்குக்குப் போன் எடுத்து, கடைசி ஐஎன்ஆரைக் கேட்டுவிட்டுத்தான் மாத்திரையை எண்ணுவேன்.

கோண்டாவில் தம்பி:
அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் போனை எடுக்கிறவர் அந்த ஐஎன்ஆரைக் கணினியில்தான் பார்ப்பார், அண்ணை. கொப்பி அம்மாவோடு வீட்டுக்கு வந்துவிடுமே.