பழைய 1/72 ஸ்பிட்ஃபயர் கிட்: செய்யலாமா, வேண்டாமா?

குடந்தைக்காரன்:
வணக்கம். சிங்கப்பூரை விட்டு ஊரோடு வந்துவிட்ட சித்தப்பா, சாமான்களைப் பிரித்தபோது ஒரு 1/72 ஸ்பிட்ஃபயர் கிட்டை (இரண்டாம் உலகப்போர் பிரிட்டிஷ் போர்விமானத்தை 72இல் ஒரு பங்காகச் சுருக்கிய, ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாடல்) என்னிடம் கொடுத்தார். பெட்டியில் மார்க் 1, அதாவது அந்த விமானத்தின் முதல் வகை, என்று போட்டிருக்கிறது. விமானத்தின் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கோடுகள் பள்ளமாக இல்லாமல் மேடாக இருக்கின்றன. டீக்கல் (தண்ணீரில் நனைத்து மாடலில் ஒட்டும் குறிகள் உள்ள தாள்) பழுப்பேறிவிட்டது. மேட்டுக்கோடு என்றாலே மட்டமான கிட் என்கிறார்கள். நம் விமானப்படை பர்மாவில் ஓட்டிய ஸ்பிட்ஃபயராக இதைச் செய்ய எனக்கு ரொம்ப ஆசை. முடியுமா?

வெண்ணாற்றங்கரை:
தம்பி, கோட்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் உருவத்தைப் பாருங்கள். மேட்டுக்கோடு பழைய அச்சு என்பதைத்தான் காட்டும், தரத்தை இல்லை. உருவம் சரியாக இருந்தால் கோட்டை உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளலாம். உருவம் தப்பென்றால் எந்த பெயின்ட்டும் காப்பாற்றாது.

ஸ்கேலை எடுங்கள். அசல் விமானம் இறக்கை நுனிக்கு நுனி 11.23 மீட்டர். 72ஆல் வகுத்தால் 15.6 செ.மீ. ஒரு மில்லிமீட்டர் முன்பின் இருந்தால் விட்டுவிடலாம். அடுத்து இறக்கையின் பின்விளிம்பு. வளைவு எங்கும் முறியாமல் நுனிவரை ஓட வேண்டும். விளிம்பு எவ்வளவு தடிமன் என்றும் பாருங்கள். இந்த அளவில் 1 மி.மீ. என்றால் அசலில் 7 செ.மீ.க்கு மேல்! அதை உள்பக்கமாகத் தேய்த்து மெலிதாக்கிவிட்டு இரண்டு பாதியையும் ஒட்டுங்கள்.

இப்போது இறக்கையைத் திருப்புங்கள். எனக்கு ஸ்பிட்ஃபயரில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். மார்க் 1இல் வலது இறக்கைக்கு அடியில் பெரிய ரேடியேட்டர், இடதில் ஒல்லியாக ஆயில் கூலர். இரண்டும் ஒரே அளவில் இருந்தால் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் அது மார்க் 1 இல்லை. உடலோடு சேரும் இடத்தில் அடிப்பக்கம் லேசாக வளைந்து ஏற வேண்டும், பழைய கிட்டுகள் பல அதைத் தட்டையாக விட்டிருக்கும்.

பர்மா ஆசையைத்தான் விட வேண்டியிருக்கும். நம் 8ஆவது ஸ்குவாட்ரன் 1945இல் அங்கே ஓட்டியது மார்க் 8. நீளமான மூக்கு, நான்கு இலை புரொப்பெல்லர், இரு பக்கமும் ஒரே அளவு ரேடியேட்டர், உள்ளே மடங்கும் வால்சக்கரம். விமானப்படையின் வட்டக்குறியில்கூட ஜப்பான்காரர் குறியோடு குழம்பக்கூடாதென்று சிவப்பை எடுத்துவிட்டார்கள். மார்க் 1ஐ அறுத்து ஒட்டி அதைக் கொண்டுவருவது வீண்வேலை. இதை 1940 பிரிட்டன் சண்டை விமானமாக, மேலே பச்சையும் மண்நிறமுமாகச் செய்யுங்கள். மார்க் 8க்குத் தனிக் கிட் வாங்கிக்கொள்ளலாம்.

மன்னை மாடலர்:
அண்ணன் சொன்னதுதான். டீக்கலை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டு வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வையுங்கள், நம்மூர் வெயிலுக்குப் பழுப்பு நன்றாகவே இறங்கும். பிறகு வேண்டாத ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போடுங்கள். நொறுங்கினால் மீதித் தாளுக்கு மேல் கிளியர் லாக்கர் ஒரு பூச்சு கொடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் லாக்கர் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். ஈரக்காற்றில் பெயின்ட் வெள்ளையாகப் பூத்துவிடும்.

குடந்தைக்காரன்:
அளந்துவிட்டேன் அண்ணா, 15.5 வருகிறது. அடியில் ஒரு பக்கம் பெரிது, ஒரு பக்கம் ஒல்லி, சரியாக இருக்கிறது. ஆனால் ஒட்டாமல் பொருத்திப் பார்த்தால் இறக்கைக்கும் உடலுக்கும் நடுவே நகம் நுழையும் அளவு இடைவெளி. புட்டி போடவா?

வெண்ணாற்றங்கரை:
அப்படியென்றால் தாராளமாகச் செய்யலாம், நல்ல கிட். புட்டி கடைசியில்தான். ஸ்ப்ரூவில் (பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டம்) ஒரு துண்டு வெட்டி, காக்பிட்டுக்குப் பின்னால் உடலின் உள்ளே குறுக்கே முட்டுக்கொடுங்கள். உடல் கொஞ்சம் விரிந்து இடைவெளியை மூடும். மேல் இணைப்பை முதலில் ஒட்டி, இரண்டு நுனியையும் டேப்பால் மேல்நோக்கி இழுத்துக் கட்டி ராத்திரி முழுக்க விடுங்கள். இறக்கை நுனியை நோக்கி மேலே சாய்ந்திருக்கும் ஏற்றமும் அதிலேயே சரியாகிவிடும். காக்பிட் கண்ணாடிக்கு ஃபெவிகால் போதும், சூப்பர் க்ளூ பட்டால் புகை படிந்து மங்கிவிடும்.